ஈயமில்லாத ரவைத் தோட்டா: கிளே சுடுகிறவர்கள் பார்த்து வாங்க வேண்டியவை

கிளே என்பது எறிந்து பறக்கவிட்ட தட்டைச் சுடுகிற விளையாட்டு. சுடுகிறவரை விட்டு விலகிப் பறக்கும் தட்டைச் சுடும் அதன் ஒரு வகைதான் டிராப். டிராப்பில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. தட்டுக்கு ஒரே தோட்டா என்று வைத்தாலும், தோட்டாவுக்குள் இருக்கும் ரவை, அதாவது சிறு உருண்டைகள், 24 கிராம் வீதம் 600 கிராம் காரீயம் எதிரே உள்ள மண்ணில் விழுகிறது. பத்துப் பேர் ஆளுக்கு நாலு சுற்று சுட்டுவிட்டுப் போனால் அன்றைக்கு மட்டும் 24 கிலோ. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாடு, கேரள எல்லையோரம் எங்கே தட்டு எறிந்தாலும் பக்கத்தில் ஒரு நெல்வயலோ ஏரியோ வாய்க்காலோ இருக்கும். அறுவடை முடிந்ததும் வாத்துக்காரர்கள் மந்தையை இறக்குவது அந்த வயலில்தான். மயில் மேய்வதும் அங்கேதான். இரையை அரைக்கச் சிறு கல்லைப் பொறுக்கி விழுங்குகிற பறவைக்கு 2.4 மில்லிமீட்டர் ஈய ரவை இன்னொரு கல். வயிற்று அமிலத்தில் அது கரைந்து இரத்தத்தில் ஏறும். சில ரவைகளே ஒரு வாத்தைக் கொல்லப் போதும்.

அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை 1991இல் நாடு முழுக்க நிறுத்தியது. டென்மார்க் 1996இல் ஈய ரவையையே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சதுப்பு நிலங்களில் 2023 பிப்ரவரி 15 முதல் ஈய ரவை கூடாது. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. செம்மண், வெட்டுக்கல் நிலம் புளிப்புத் தன்மை உள்ளது. அதில் ஈயம் இன்னும் வேகமாக அரிக்கும். கிணற்றுப் பாசனத்தில் பிழைக்கிற ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் ஈயத் தோட்டாவை வைத்துவிட்டு எஃகுத் தோட்டாவை எடுத்துப் போட்டுச் சுட்டுவிட முடியாது. துப்பாக்கி, ரவை அளவு, சோக் (குழல் முனையின் குறுக்கம்) மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்க்கிற வரிசையும் அதுவே.

முதலில் துப்பாக்கி

ஈயம் மெத்தென்றது, குழலில் உரசினால் தானே நசுங்கும். எஃகு ரவை மென்மையாக்கிய இரும்பில் செய்ததுதான் என்றாலும் ஈயத்தைவிடப் பல மடங்கு கடினம். அது குழலில் படாமல் காப்பது தோட்டாவுக்குள் இருக்கும் தடித்த பிளாஸ்டிக் கிண்ணம், அதாவது வாட். ஆகவே தோட்டா வாங்குவதற்கு முன் குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தில் பொறித்திருப்பதை வெளிச்சத்தில் படியுங்கள்.

12/70 என்றோ இரண்டே முக்கால் அங்குலம் என்றோ இருந்தால் அறை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடம், 70 மில்லிமீட்டர். 65 அல்லது இரண்டரை அங்குலம் என்றால் பழைய அறை. இதில் 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய்விடும், பூட்டும் விழும். அதுதான் ஆபத்து. சுடும்போது தோட்டாவின் வாய் மடிப்பு விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். வெடிக்காத தோட்டாவை அளந்து பார்த்து ஏமாற வேண்டாம். பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் வாய் விரிந்த பிறகான நீளம்.

தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி தோட்டக்காரர்கள் பலர் வீட்டில் இருக்கிறது. குழலின் மேல் சுருள் சுருளாக நெளிவுக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். அதில் எஃகு ஒருபோதும் கூடாது. நவீன ஈயத் தோட்டாவும் வேண்டாம். நெளிவு இல்லாத பழைய குழலாக இருந்து, சோக் குழலோடு சேர்த்தே கடைந்ததாக, அதுவும் மிக இறுக்கமான ஃபுல்லாக இருந்தால், சோக் தொடங்கும் இடத்தில் மோதிரம் போல் ஒரு வீக்கம் எழும்பலாம். கண்ணுக்குத் தெரியும் முன் விரலுக்குத் தெரியும்: குழலின் வெளிப்புறத்தில் முனையிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை நகத்தை மெதுவாக ஓட்டினால் மேடு தட்டுப்படும். இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு எஃகு தேட வேண்டாம்.

ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல் அமைந்த நவீன ஓவர் அண்டர் துப்பாக்கியில் லில்லிப் பூ முத்திரை இருந்தால் உயர் அழுத்த எஃகுத் தோட்டாவுக்கும் சோதித்துத் தேறியது என்று பொருள். முத்திரை இல்லாவிட்டாலும், நல்ல நிலையில் உள்ள 70 மில்லிமீட்டர் அறைத் துப்பாக்கியில், தயாரிப்பாளர் தடுக்காதவரை, சாதாரண எஃகுத் தோட்டா போடலாம். துப்பாக்கி, தோட்டாச் சோதனைக்கான சிஐபி அமைப்பின் விதிப்படி 12 போர் (குழலின் விட்ட அளவு) சாதாரண எஃகுத் தோட்டாவுக்கு வரம்பு இது: அழுத்தம் 740 பார், ரவை விட்டம் 3.25 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு 425 மீட்டர், உந்தம் 12 நியூட்டன் நொடி. 28 கிராமை, அதாவது 0.028 கிலோவை, 425ஆல் பெருக்கிப் பாருங்கள், 11.9 வரும். சாதாரண வகையில் 28 கிராமுக்கு மேல் கனமும் முழு வேகமும் சேர்ந்து கிடைக்காததற்குக் காரணம் இதுதான். தட்டு உடைக்க உயர் அழுத்தத் தோட்டா தேவையே இல்லை. தோள் வலிப்பதுதான் மிச்சம்.

எஃகா, பிஸ்மத்தா

ஒரு கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், பிஸ்மத் 9.7 அளவில், எஃகு 7.9. டங்ஸ்டன் கலவைகள் ஈயத்தை எட்டும், சில தாண்டும். நூற்றுக்கணக்கில் சுடுகிற பயிற்சிக்கு டங்ஸ்டன் விலை கட்டுப்படியாகாது. பிஸ்மத்தும் எஃகைவிடப் பல மடங்கு விலை. ஆனாலும் அது மென்மையானது. எந்த சோக்கிலும் ஓடும், நார் வாட்டோடும் வரும். நெளிவுக் குழல் அல்லாத பழைய துப்பாக்கியை விட மனமில்லாமல் எப்போதாவது 25 தட்டு சுடுகிறவர், தன் அறை நீளத்துக்கும் அழுத்த முத்திரைக்கும் பொருந்துகிற பிஸ்மத் தோட்டா வாங்கினால் போதும். வாராவாரம் சுடுகிறவருக்கு எஃகு ஒன்றே வழி.

நிக்கல் பூசிய ஈய ரவை வெள்ளி போல் மின்னும். அதை எஃகு என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. அது முழுக்க ஈயம்தான், மேலே ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவே. பெட்டியில் ஸ்டீல் என்று இருக்க வேண்டும். இத்தாலியப் பெட்டியில் அச்சியாயோ என்றால் எஃகு, பியோம்போ என்றால் ஈயம். ஜெர்மன் பெட்டியில் ப்ளை என்றால் ஈயம். சந்தேகம் வந்தால் சின்னக் காந்தம் ஒன்றைத் தோட்டாவின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே, ரவை இருக்கும் இடத்தில் வையுங்கள். பித்தளை நிற அடிப்பாகத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. பல தோட்டாக்களில் அது பித்தளை பூசிய இரும்பு, உள்ளே எது இருந்தாலும் காந்தம் ஒட்டும்.

ரவை அளவு: எண்ணை விடுங்கள், மில்லிமீட்டரைப் படியுங்கள்

பிரிட்டிஷ் 7 என்றால் 2.4 மில்லிமீட்டர், அமெரிக்க 7 என்றால் 2.5. பிரிட்டிஷ் 6 என்பது 2.6, அமெரிக்க 6 என்பது 2.8. எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுத்தால் எந்த நாட்டு 7 வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது.

எஃகு லேசானது என்பதால் ஒரே விட்டத்தில் ஒரே வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் ஈயத்தில் 70 சதவீதம்தான். காற்றுத் தடையில் வேகமும் சீக்கிரம் குறையும். அதை ஈடுகட்டத்தான் ஒன்றிரண்டு அளவு பெரிய ரவை. கணக்கைப் பார்த்தால் தெளிவாகிவிடும். 24 கிராமில் 2.4 ஈயம் சுமார் 300 ரவை, ஒன்று 0.080 கிராம். அதே 24 கிராமில் 2.4 எஃகு சுமார் 420, ஆனால் ஒன்று 0.057 கிராம்தான். 2.5 எஃகு சுமார் 370, ஒன்று 0.064. 2.6 எஃகு சுமார் 330, ஒன்று 0.072. அதாவது 2.6 எஃகில் ரவையின் எடை ஈயத்துக்குக் கிட்ட வருகிறது, எண்ணிக்கையும் ஈயத்தைவிடக் குறையவில்லை.

பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃபின் போட்டி விதியில் ரவை கனம் 24 கிராம், விட்டம் 2.6 மில்லிமீட்டர் என்பது உச்சம். அளவையில் மிகச் சிறிய சலுகை உண்டு. ஆகவே ஒலிம்பிக் டிராப் பழகுகிறவர் இரண்டாவது குழலுக்கு 2.6ஐயே எடுங்கள், முதல் குழலுக்கு 2.5 போதும். இரண்டு வகை வாங்கிப் பையில் கலந்துபோகும் என்றால் இரண்டுக்கும் 2.6. டிராப்பில் முதல் குண்டு தட்டைத் தொடும் தூரம் பெரும்பாலும் 30 முதல் 35 மீட்டர், இரண்டாவது அதற்கும் அப்பால். அங்கே 2.3 எஃகு தட்டில் தூசி பறக்க வைத்துவிட்டுத் துண்டாக்காமல் விடும். தூசி பறந்தால் விதிப்படி அது அடித்த தட்டு ஆகாது, துண்டு கண்ணில் பட வேண்டும்.

கிட்டத்துத் தட்டைச் சுடும் ஸ்கீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. 20 மீட்டருக்குள் 2.2, 2.3 எஃகு தட்டைப் பொடியாக்கும். பல தூரங்களில் தட்டு வரும் ஸ்போர்ட்டிங் சுடுகிறவர் 28 கிராம் 2.5 வைத்துக்கொண்டு, 40 மீட்டர் தாண்டுகிற தட்டுகளுக்கு மட்டும் 2.8 எடுக்கலாம்.

வேகத்தில் பேராசை வேண்டாம், குறைவாகவும் வேண்டாம். பெட்டியில் நொடிக்கு 400 மீட்டருக்கு மேல் இருந்தால் சரி.

சோக்

ஈய ரவை குழலுக்குள் நசுங்குகிறது. நசுங்கிய ரவை பக்கவாட்டில் விலகி ஓடுகிறது. எஃகு நசுங்காது, உருண்டையாகவே போகும். அதனால் அதே சோக்கில் எஃகு நெருக்கமாக விழும். ஈயத்தில் பழகியதைவிட ஒரு படி, சில துப்பாக்கியில் இரண்டு படி திறந்த சோக் போதும். 12 போரில் கால் சோக் என்பது சுமார் 0.25 மில்லிமீட்டர் குறுக்கம், அரை 0.5, முக்கால் 0.75, ஃபுல் 1.0. ஈயத்தில் முக்காலும் ஃபுல்லும் போட்டு டிராப் சுட்டவர் எஃகுக்குக் காலும் அரையும் போட்டுத் தொடங்குங்கள். ஸ்கீட்டுக்குக் குறுக்கமே இல்லாத சிலிண்டரே தாராளம்.

மாற்றக்கூடிய சோக் குழாயின் விளிம்பில் வெட்டுகள் இருக்கும். பெரும்பாலான தயாரிப்புகளில் ஒரு வெட்டு ஃபுல், ஐந்து வெட்டு சிலிண்டர். ஃபுல் குழாயில் எஃகு கூடாது என்று குழாயின் மேலேயே எழுதியிருந்தால் அதை மீறாதீர்கள். எஃகு சுடுகிற நாளில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குழாயைக் கழற்றிப் பார்த்து, மரையைத் துடைத்து, ஒரு துளி கிரீஸ் வைத்து மறுபடி முழுக்க இறுக்குங்கள். தளர்ந்த குழாயின் அடி விளிம்பில் வாட் மோதினால் குழாயும் போகும், குழலும் போகும். எஃகு தொடர்ந்து ஓடியபின் குழாய் கழல மறுத்தால் அது உள்ளே விரிந்துவிட்டது என்று அர்த்தம். பலத்தைக் காட்டித் திருகாமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

காகிதத்தில் பார்க்காமல் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள்

ஒரே 24 கிராம், ஒரே 2.5, இரண்டு தயாரிப்பு. ஒரே குழலில் இரண்டும் இரண்டு விதமாக விழும். மொத்தமாக வாங்கும் முன் வகைக்கு ஒரு பெட்டி வாங்கிச் சோதியுங்கள்.

ஒன்றேகால் மீட்டர் சதுரத்தில் பழுப்புக் காகிதம். மரச்சட்டத்தில் ஒட்டி, பின்னால் மண்மேடு இருக்கும்படி நிறுத்துங்கள். நடுவில் ஒரு புள்ளி. டிராப் என்றால் 35 மீட்டர், ஸ்கீட் என்றால் 20. ஒரு காகிதத்துக்கு ஒரு தோட்டா, ஒரு வகைக்கு ஐந்து காகிதம். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் தப்பாகும். ஈயத்துக்குப் பயன்படுத்துகிற இரும்புத் தகடு பலகையில் எஃகைச் சுடவே கூடாது, ரவை நேராகச் சுட்டவர் முகத்துக்கே திரும்பும்.

சுட்ட பிறகு, ரவை அதிகம் விழுந்த இடத்தை நடுவாக வைத்து 75 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டம் போடுங்கள். ஆணி, கயிறு, பென்சில் போதும். வட்டத்துக்குள் துளைகளை எண்ணி மொத்த ரவை எண்ணிக்கையால் வகுங்கள். 2.5 எஃகில் 370க்கு 240 விழுந்தால் 65 சதவீதம். டிராப்புக்கு நல்ல தொடக்கம். 75 சதவீதம் தாண்டினால் சோக் இறுக்கம், நடுவில் குவிந்து ஓரம் காலியாகிறது. 55க்குக் கீழே போனால் ஒரு படி இறுக்குங்கள்.

சதவீதத்தைவிட எங்களுக்கு முக்கியமாகப் படுவது இடைவெளி. தட்டின் விட்டம் 11 சென்டிமீட்டர், உயரம் இரண்டரை. அட்டையில் 11க்கு இரண்டரை அளவில் ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். பறக்கும் தட்டின் விளிம்பு சுடுகிறவர் கண்ணுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பட்டையை வட்டத்துக்குள் அங்கங்கே வைத்து நகர்த்துங்கள். ஒரு துளைகூடத் தொடாமல் பட்டை உட்காரும் இடங்கள் ஐந்து காகிதத்திலும் திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தோட்டாவும் அந்த சோக்கும் ஒத்துப்போகவில்லை.

கணவாய்க் காற்று வீசும் நாளில் இந்தச் சோதனை வேண்டாம். மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும், ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எஃகை ஈயத்தைவிட அதிகமாகத் தள்ளும். காலை வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.

எங்கே தப்பாகும்

எஃகு கல்லிலும் காய்ந்த மரத்திலும் பட்டுத் தெறிக்கும். சுடுகிறவர், நடுவர், தட்டு எறியும் ஆள், வேடிக்கை பார்க்கிறவர் எல்லோருக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயம். ரவை விழும் பகுதியில் பாறை முகடு இருந்தால் அந்தத் திசையை மாற்றுங்கள். எஃகு ஈயத்தைவிடக் கிட்ட விழும் என்பதால் எதிரே விடும் பாதுகாப்புத் தூரத்தைக் குறைக்காதீர்கள். 250, 300 மீட்டர் வெற்றிடம் இருக்கட்டும். நாளை யாராவது ஈயத் தோட்டாவோடு வருவார். பாறையில் படும் எஃகு பொறி கிளப்பும். மாசி, பங்குனியில் காய்ந்த புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, இரண்டு குடம் தண்ணீரும் ஈரச் சாக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். வேலியில் தேக்கு இருந்தால் அந்தப் பக்கம் சுட வேண்டாம். மரத்துக்குள் புதைந்த எஃகு பின்னாளில் அறுவை மில் பிளேடை உடைக்கும்.

மழைக்காலத்தில் வேறொரு ஆபத்து. தோட்டாவுக்குள் ஈரம் இறங்கினால் எஃகு ரவை துருப்பிடித்து, ஈரம் பட்ட உப்பைப் போலக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டி ஒரே குண்டாகக் கிளம்பி சோக்கைச் சிதைக்கும், எதிர்பார்க்காத தூரமும் போகும். காதருகே குலுக்கினால் லேசாகவாவது ரவை அசையும் சத்தம் வர வேண்டும். இறுக்கமாக அடைத்த புதுத் தோட்டாவிலும் சத்தம் வராமல் இருக்கலாம். ஆகவே அதே பெட்டியின் மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். அடிப்பாகத்தில் பச்சை படிந்தது, வாய் மடிப்பு விரிந்தது, நனைந்தது எதையும் சுடாதீர்கள், காயவைத்துப் பார்க்கலாம் என்று மாடியில் பரப்பாதீர்கள். விற்ற உரிமதாரரிடம் திருப்பிக் கொடுங்கள். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, தரையிலிருந்து உயர்த்தி, பூட்டி வையுங்கள். சித்திரை வெயிலில் மூடிய காரின் டிக்கியில் விட்டால் மருந்து சூடேறி அழுத்தம் கூடும்.

சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று வந்தால் அடுத்த தோட்டாவைப் போடும் முன் துப்பாக்கியைத் திறந்து, குழலைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாட் உள்ளே சிக்கியிருந்தால் அடுத்த குண்டில் குழல் பிளக்கும். விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முப்பது நொடி குழலைத் தட்டு பறக்கும் பக்கமே பிடித்திருந்து பிறகு திறக்கவும்.

தோட்டாவை வீட்டில் பிரித்து ஈயத்தைக் கொட்டிவிட்டு எஃகு நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருந்து, வாட், கிண்ணத்தின் தடிமன் எல்லாமே எஃகுக்கு வேறு. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டம் 1959இன் 5ஆம் பிரிவை மீறிய குற்றமும்கூட.

ஈயமில்லாத தோட்டா என்றாலும் கேப்பில், அதாவது அடியில் உள்ள பற்றவைப்பு மருந்தில், ஈயச் சேர்மம் இருக்கலாம். காலி ஓட்டைப் பொறுக்கிய கையோடு இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வாங்குவதும் எல்லை தாண்டுவதும்

உள்ளூர்க் கடை அலமாரியில் இருப்பது பெரும்பாலும் ஈயத் தோட்டா. எஃகு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி, கிளப்பில் நாலைந்து பேர் சேர்ந்து கேட்பதே நடைமுறை. கேட்கும்போது இப்படி எழுதிக் கொடுங்கள்: 12 போர், 70 மில்லிமீட்டர், 24 கிராம், எஃகு, 2.5 அல்லது 2.6 மில்லிமீட்டர், சாதாரண அழுத்தம், 740 பார். உரிமத்தில் ஒரே நேரத்தில் வைத்திருக்கவும் ஓர் ஆண்டில் வாங்கவும் எத்தனை அனுமதி என்று பார்த்துத்தான் ஆர்டர். பயிர்க் காவலுக்கு எடுத்த உரிமத்தில் அந்த எண்ணிக்கை குறைவாகவே இருக்கும், பெரிய ரவை கொண்ட எல்ஜி தோட்டாவும் அதே கணக்கில்தான் சேரும்.

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் எதைத் தாண்டினாலும் மாநிலம் மாறுகிறது. உரிமத்தில் செல்லுபடியாகும் பகுதி கேரளா மட்டும் என்றிருந்தால் பொள்ளாச்சிப் பக்கம் துப்பாக்கியோடு வர முடியாது. தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் சித்தூருக்குப் போக முடியாது. அகில இந்தியச் செல்லுபடியை மாவட்ட நிர்வாகத்தில் முன்னதாக விண்ணப்பித்து வாங்குங்கள். வண்டியில் துப்பாக்கி கழற்றிய நிலையில் உறைக்குள், தோட்டா தனிப் பெட்டியில், அசல் உரிமம் கையில். இரண்டு மாநிலச் சட்டமன்றத் தேர்தலும் 2016, 2021 இரண்டிலும் ஒரே காலத்தில்தான் வந்தன; அப்போது துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். விளையாட்டு வீரர் விலக்கு கேட்பதென்றால் சங்க உறுப்பினர் சான்றை இணைத்து அறிவிப்பு வந்த உடனே கொடுங்கள்.

போட்டி ஈயத்தில் நடக்கிறது, பயிற்சி எஃகில் என்றால் கடைசி இரண்டு வாரம் ஈயத்துக்குத் தனி மைதானத்தில் மாறிக்கொள்ளலாம். 30 மீட்டருக்குள் முன்கொடுப்பில், அதாவது தட்டுக்கு எவ்வளவு முன்னால் குறிவைப்பது என்பதில், பெரிய வித்தியாசம் இராது. தூரத் தட்டில்தான் எஃகு கொஞ்சம் பிந்தும்.

ஏற்கெனவே ஈயம் விழுந்த மைதானத்தில் எஃகுக்கு மாறினால் பழைய ஈயம் அங்கேயேதான் இருக்கும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவ, மழைக்கு முன், நிலம் காய்ந்திருக்கும்போது, மேல்மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் சுரண்டி 2 மில்லிமீட்டர் கண் சல்லடையில் சலித்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, தூசி பறக்காமல் லேசாகத் தண்ணீர் தெளித்துச் செய்யுங்கள். சலித்த ஈயத்தைப் பேட்டரி ஈயம் எடுக்கும் அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். நிலம் புளிப்பு என்றால் மண் பரிசோதனை நிலையத்தில் அமிலநிலை பார்த்து, அவர்கள் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு போடலாம். பிளாஸ்டிக் வாட் சுட்ட இடத்திலிருந்து பெரும்பாலும் முப்பது, நாற்பது மீட்டருக்குள் விழும். மாடு மேய விடும் முன் அன்றன்றைக்கே பொறுக்கிவிடுங்கள்.